நெற்றியில் ஒரு சிங்கம்

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். இரண்டு புருவங்களுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்கு அந்த மொழியில் சிங்கச் சுருக்கம் என்று பெயர். கண்ணோரத்துக் கோடுகள் வாத்துக்கால். வாய் ஓரம் இறங்கும் மடிப்புக்குக் கசப்பின் மடிப்பு என்பார்கள். முகத்துக்கு இவ்வளவு பெயர் வைத்திருக்கிறார்களே என்று அப்போது வியந்ததோடு சரி.

இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மனைவி. வயது 69. வருகிற தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். ஒரு நாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "என்னங்க, நெத்தியில அந்த ஊசி போட்டுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"இந்த வயசுல எதுக்கு?" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அவள் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் என்னுடைய தலைச்சாய பாக்கெட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். 48 வயதிலிருந்து பூசுகிறேன். ரிட்டயர் ஆன அன்றைக்கும் பூசிக்கொண்டுதான் மாலை போட்டுக்கொண்டேன். பிறகு நான் என்ன பேச?

இந்த மருந்தை நான் முதலில் அறிந்தது அழகு விஷயமாக அல்ல. என் அக்காவுக்கு இமைகள் தாமாகவே இறுகி மூடிக்கொள்ளும் நோய் இருந்தது. பார்வையில் குறையில்லை, ஆனால் கண் திறக்காது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடப்பார். கண் டாக்டர் இமையைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஊசி போட்டார். சில நாளில் கண் திறந்தது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அது போட்டாக்ஸ். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் கொடிய நஞ்சு. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுத்துவிடும். துளியிலும் துளியாகப் போட்டால் அந்தத் தசை மட்டும் ஓய்ந்து கிடக்கும். 1989இல் அமெரிக்காவில் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும்தான். கனடாவின் வான்கூவரில் ஜீன் கருத்தர்ஸ் என்ற கண் மருத்துவர், இந்த ஊசி போட்டவர்களுக்குப் புருவச் சுருக்கமும் மறைவதைக் கவனித்தார். கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். அழகுக்கான அனுமதி 2002இல் வந்தது.

ஆகவே, ஊசியே பாவம் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். என் சண்டை வேறு. மகள் கைப்பேசியில் ஓர் அழகு நிலையத்தின் விளம்பரத்தைக் காட்டினாள். தீபாவளித் துணிக்கடை போலத் தள்ளுபடி. போன் செய்து, ஊசி போடுகிறவர் டாக்டரா என்று கேட்டேன். "எக்ஸ்பர்ட் சார்" என்றார்கள். என்ன பட்டம், பதிவு எண் என்ன என்றதும் இணைப்பு துண்டானது. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். எண் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன், முகத்தைக் கொடுப்பேனா?

பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் ஊசி என்று இன்னொன்று உண்டு. அதில் பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலம். அது தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகும், அபூர்வமாகக் கண் பார்வையே போய்விடும். அதைக் கரைக்க மருந்து உண்டு. ஆனால் உடனே போட வேண்டும், போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் வயதுக்காரர்கள் பலர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறோம். அதைச் சொல்லாமல் ஊசி போட்டால் முகம் கன்றிப்போகும். தசைபலவீன நோய் உள்ளவர்கள் போட்டாக்ஸ் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. இன்னொன்று, பல வருஷமாய்ப் பதிந்துபோன கோடு முழுசாக மறையாது. இதையும் விளம்பரம் சொல்லாது.

கடைசியில் தோல் டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போனேன். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்று மார்கழி முதல் வாரத்தில் தேதி கொடுத்தார். தசை எங்கே இழுக்கிறது என்று பார்க்க, "அம்மா, கோபமா முறைங்க" என்றார். அவளுக்கு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. இரண்டு மூன்று தடவை முயன்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். உடனே சிங்கம் வந்துவிட்டது.

டாக்டர் பேனாவால் நெற்றியில் புள்ளி வைக்க ஆரம்பித்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.