தார் சுற்றிய கைக்கு ஒரு வரி

மாகறல் கிராமத்திலோ காஞ்சிபுரத்துத் தெருக்களிலோ எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இறந்தால், மறுநாள் பொழுது விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டுவிடுகிறது. அதில் கணவர் பெயர் இருக்கும். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரன்கள் எல்லோரும் இருப்பார்கள். பாசமிகு தாய், அன்புப் பாட்டி என்ற சொற்களும் தவறாமல் இருக்கும். அதே தெருவில், அதே வயதில் ஓர் ஆண் இறந்தால் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்கிறது: பட்டு நெசவாளர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னாள் இயக்குநர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அந்த ஒரு வரி பெண்ணுக்கு இல்லாமல் போவது அச்சுப்பிழை போலக் கடந்துபோகக் கூடியதல்ல. எழுபது ஆண்டு உழைப்பைப் பாசம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிடுகிறோம் என்பதே என் கருத்து.

அந்த உழைப்பு என்னவென்று பட்டுத் தொழிலைப் பார்த்தால் தெரியும். தறிக்குழிக்குள் கால் வைத்து நெய்பவர் ஒருவர். ஆனால் அவர் நெய்வதற்கு முன்னால் நூலைப் பிரித்து, ராட்டையில் தார் எனும் சிறு கண்டாகச் சுற்றி, குறுக்கு இழையான ஊடைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். தெருவில் நீளவாட்டு இழைகளான பாவு நீட்டும் விடியற்காலையில், அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிய வேண்டும். பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு பிணைக்க வேண்டும். அவை ஆயிரக்கணக்கான இழைகள். காஞ்சிப் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும் வேலை அது. மூன்று நாடா ஓடும் அந்த நெசவுக்கு ஒருவர் போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு காலத்தில் சிறுவர்களை அங்கே உட்கார வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் மனைவி. அடுப்பையும் தொட்டிலையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். கூலி சேலைக்கு ஒன்று. அது சங்கப் புத்தகத்தில் யார் பெயர் உண்டோ அவர் கைக்குப் போகும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தனிக் கணக்கு கிடையாது. கண் மங்கித் தறிப்பக்கம் உட்கார முடியாமல் போன பிறகும் அவர் ராட்டையை விடுவதில்லை. பாட்டியான பின்னும் தார் சுற்றுகிறார். இதை வீட்டு ஒத்தாசை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஒத்தாசையை நிறுத்தினால் தறியும் நின்றுவிடும் என்றால், அது எப்படி ஒத்தாசையாகும்?

கணக்கெடுப்பவர்களே இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். குடும்ப நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலி வாங்காமல் செய்யும் வேலையும் வேலைதான் என்பது 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் உட்காருவதால் இந்த விகிதம் கூடித் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் நெய்பவரோடு, நெசவுக்கு முந்தைய வேலை செய்பவரையும் அந்தக் கணக்கெடுப்பு கைத்தறித் தொழிலாளி என்றே எண்ணுகிறது. 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மனைவி வீட்டைச் சுமந்ததால்தான் கணவர் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. தொடங்கியபோது அறிவித்த மாதம் ஆயிரம் ரூபாய் போதுமா என்று வாதாடலாம். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது சரியான முடிவு. அரசும் நீதிமன்றமும் இவ்வளவு தூரம் வந்த பிறகு, சொந்தக் குடும்பம் அடிக்கும் சுவரொட்டி மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

தாயின் அன்பைத் தொழில் என்று எழுதினால் அதை விலை பேசுவதுபோல் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உண்மையான மரியாதை இருக்கிறது; அதைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இதே கவலை தந்தை விஷயத்தில் எழுவதில்லை. நெசவாளர் என்று போட்டதால் எந்த அப்பாவின் பாசமும் குறைந்துபோனதாக யாரும் நினைத்ததில்லை. மேலும், பாசம் எல்லாத் தாய்க்கும் பொது. சுவரொட்டியில் பெயரையும் படத்தையும் மாற்றினால் அது பக்கத்துத் தெரு அம்மாவுக்கும் பொருந்திவிடும். இவர் எத்தனை வயதில் ராட்டையில் கை வைத்தார், பாவு பிணைப்பதில் எவ்வளவு வேகம், கோர்வைக்கு எத்தனை ஆண்டு உட்கார்ந்தார் என்பவைதான் இவரை இவராகக் காட்டும். இன்னொரு மறுப்பு, அந்தப் பாட்டியே இதை விரும்ப மாட்டார், தன்னை முன்னிறுத்திக்கொள்ளாமல் வாழ்ந்தவர் என்பது. இருக்கலாம். அவருடைய அடக்கம் அவருக்குரியது. அதைக் காரணம் காட்டி நாம் மறப்பது நமக்குரிய பிழை.

நம் மரபும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயில் வாசலில், ராஜசிம்ம பல்லவனின் அரசி ரங்கபதாகை தான் எடுப்பித்த சிற்றாலயத்தில் தன் பெயரோடு கல்லில் நிற்கிறார். சோழ அரசி செம்பியன் மாதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதிலேயே கணவர் கண்டராதித்தரை இழந்து, மகன் உத்தம சோழன் ஆட்சியையும் கண்டு, ராஜராஜன் காலத்திலும் வாழ்ந்த நீண்ட ஆயுள் அது. உத்தம சோழனைத் திருவயிற்றில் சுமந்தவர் என்றுதான் கல்வெட்டுகள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. செங்கல் கோயிலைக் கற்றளியாக்கினார், நிலம் கொடுத்தார், விளக்குக்கு ஏற்பாடு செய்தார் என்று செய்ததையும் சொல்கின்றன. தாய் என்பதும் செய்த வேலையும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன. அரசியருக்குக் கல் வெட்ட ஆள் இருந்தது, நெசவாளர் வீட்டுக் கிழவிக்கு யார் இருக்கிறார் என்று கேட்டால், அச்சகம் இருக்கிறது, பேரப்பிள்ளைகளின் கைப்பேசி இருக்கிறது என்பேன். கல்லைவிட மலிவானவை இவை.

கூட்டுறவுச் சங்கங்களின் ஏட்டில், உறுப்பினர் பெயருக்குப் பக்கத்தில் அவரோடு தறியில் உட்காருபவர் பெயருக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். ஓய்வூதியம், காப்பீடு என்று பின்னால் எதைக் கேட்பதற்கும் எழுத்தில் ஓர் ஆதாரம் வேண்டும். அச்சகத்தில் பெயர், வயது, இறந்த நேரம் கேட்கும்போது என்ன வேலை செய்தார் என்றும் கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியாமல் போவதுதான் பல இடங்களில் நடக்கிறது. சுவரொட்டிக்கும் கருமாதிக்கும் காத்திருக்காமல், திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார வேண்டும். தார் சுற்றத் தொடங்கியபோது என்ன வயது, எந்த வருஷம் தறியை விட்டு எழுந்தார் என்ற இரண்டையும் சரியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.