கோழி என்றால் பெட்டை மட்டுமா?

புதுச்சேரியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நிற்க இடமிருப்பவர்களிடம் கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பேச்சு இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது. குழந்தைகளோடு ஒட்டிப் பழகும் சாதுவான இனம் எது? குஞ்சாக வாங்கும்போதே பெட்டையைப் பிரித்தறிவது எப்படி? முதல் கேள்வி அன்பில் பிறந்தது. இரண்டாவது அப்படியன்று. 'பெட்டை எது?' என்பதற்குள் 'சேவலை என்ன செய்வது?' என்பதும் அடங்கியிருக்கிறது. அதை மட்டும் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை வைத்திராதவர் முற்றத்தில் கோழி விடக்கூடாது என்பது நம் கருத்து.

முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. நாட்டுக்கோழி என்று நாம் பொதுவாகச் சொல்வதை வளர்ப்பவர்கள் சிறுவிடை, பெருவிடை என இரண்டாகப் பிரிப்பார்கள். பெருவிடை உயரமும் எலும்புக் கட்டும் கொண்டது. சண்டைச் சேவல்களின் இரத்தம் அதில் உண்டு. சிறுவிடை குட்டையானது. குப்பையைக் கிளறித் தன் தீனியில் பெரும்பங்கைத் தானே தேடிக்கொள்ளும். பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் அடை உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுவதும் கூட்டினாலும் 60 முட்டைக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. முட்டைக் கணக்குப் பார்ப்பவர்கள் ஐதராபாத்தின் ராஜேந்திரநகரில் உள்ள மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வனராஜாவை நாடுகிறார்கள். பல நிறச் சிறகுகளும் பதற்றமில்லாத குணமும் கொண்ட அது, ஆண்டுக்கு 100 முட்டைக்கு மேல் இடும். ஆனால் அடைகாக்கும் இயல்பு அதில் பெரும்பாலும் மங்கிவிட்டது. அடுத்த தலைமுறைக்கு மீண்டும் பொரிப்பகத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இருபது கோழிக்கு மேல் வைக்கப்போவதில்லை என்றால் சிறுவிடையே போதும் என்போம்.

சாதுத்தனம் பாதி இனத்தில் இருக்கிறது. மறுபாதி வளர்ப்பவரின் கையில். மேலேயிருந்து இறங்கும் கை குஞ்சுக்குப் பருந்தாகவே தெரியும். பக்கவாட்டில் தரையோடு தரையாகக் கையை நீட்டி, அதில் கொஞ்சம் குருணையை வைத்துக் காத்திருந்தால், முதல் இரண்டு வாரத்துக்குள் உள்ளங்கையில் ஏறி நிற்கும். அப்படிப் பழகியது வளர்ந்த பின்னும் கூப்பிட்டால் வரும். சேவலும் அப்படித்தான் வரும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டியவர்களுக்கு அங்கே ஒன்று கண்ணில் பட்டிருக்கும். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்று மூன்று வரிசை அங்கே உண்டு. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்கள். ஆணுக்குச் சேவல் என்ற பெயர் கோழிக்கு மட்டும் உரியதன்று. மயில் நீங்கலாகச் சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் அது உரியது. (மயிலை விலக்கியதற்கு உரைகாரர் காட்டும் காரணம் அதன் பெண்மைச் சாயல்.) அளகு என்னும் பெண்பாற் பெயரோ கோழிக்கும் கூகைக்கும் மயிலுக்கும் மட்டுமே பொருந்தும். நாம் கவனிக்க வேண்டியது, இளமைப் பெயர்களுக்கு ஆண் பெண் வேறுபாடு கிடையாது என்பதை. பார்ப்பு வெறும் பார்ப்புத்தான். பால் தெரிய நாள் ஆகும் என்பதைப் பெயரிட்டவர்கள் அறிந்திருந்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

கோழி என்ற சொல்லும் அப்போது பெட்டையைக் குறித்துச் சுருங்கியிருக்கவில்லை. யானையோடு பொருது வென்ற கோழியால் உறையூருக்குக் கோழி என்றே பெயர் வந்தது, அது சேவல். முருகனைக் கோழிக்கொடியோன் என்கிறோம், அதுவும் சேவல். குறுந்தொகையில் விடியலைக் கூவி அறிவித்துத் தலைவியின் நெஞ்சைக் கலங்க வைப்பதும் கோழிதான். விலக்கிவிட ஆளில்லாமல் குப்பைமேட்டில் தாமே பொருது ஓயும் கோழிகளை உவமையாக்கியதால், ஒரு புலவருக்குக் குப்பைக் கோழியார் என்ற பெயரே நிலைத்துவிட்டது. இன்று நகரத்துப் பேச்சில் கோழி என்றால் பெட்டை, கடைப் பேச்சில் கோழி என்றால் இறைச்சி. சேவல் அந்தச் சொல்லிலிருந்து வெளியேறிவிட்டது. முற்றத்திலிருந்து வெளியேறியதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நம்மால் எண்ண முடியவில்லை.

குஞ்சிலேயே, அதற்கும் முன்னால் முட்டையிலேயே, பாலைக் கண்டுபிடித்துவிடும் ஆசை மிகப் பழையது. கூர்முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். உரோமாபுரியின் வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் முதல் நூற்றாண்டில் அதையே எழுதினார். அவருக்கு நானூறு ஆண்டு முந்திய அரிஸ்டாட்டில் நேர் எதிராக, கூர்முட்டையில் பெட்டை என்றார். எதை நம்பினாலும் பாதிக்குப் பாதி பலித்துவிடும் என்பதால் இரண்டு நம்பிக்கைகளும் நீண்ட நாள் உயிரோடிருந்தன. முட்டைக்கு மேல் நூலில் ஊசியைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும் இவ்வகையே. சிறகு நுனி இறகுகளின் நீளத்தை வைத்துச் சொல்வது அறிவியல் அடிப்படை உள்ளது. ஆனால் அதற்கென்றே இணைசேர்த்த பண்ணை இனங்களில்தான் அது செல்லும். இணையத்தில் பார்த்துவிட்டுச் சிறுவிடைக் குஞ்சின் சிறகை விரித்து அளப்பவர்கள் அதைச் சிரமப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

உயிரியல் இங்கே நமக்குப் பழக்கமான கணக்கைத் தலைகீழாக்குகிறது. பறவைகளில் ஒரே வகைக் குரோமோசோம் இரண்டைக் கொண்டது ஆண். வெவ்வேறு வகை இரண்டைக் கொண்டது பெண். குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயின் கருமுட்டை. முதல் உலகப்போர்க் காலத்தில், தீவனப் பஞ்சத்தைச் சமாளிக்க, இறகு நிறத்தைக்கொண்டு சேவற்குஞ்சுகளை முதல் நாளே கண்டறியலாம் என்ற யோசனையை இங்கிலாந்தின் மரபியலறிஞர் புன்னெட் முன்வைத்தார். 1920களில் சப்பானின் மசுயியும் ஹஷிமோட்டோவும் ஒரு நாள் குஞ்சின் எச்சத்துளையை விரித்துப் பார்த்துப் பாலறியும் முறையை வகுத்தார்கள். தேர்ந்த கைகள் மணிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளைப் பிரித்துவிடும். பழகாத கை அதைச் செய்தால் குஞ்சின் குடல் பிதுங்கிச் செத்துப்போகும்.

இவ்வளவு அறிவும் எதற்குப் பயன்பட்டது? பிரித்தெடுத்த சேவற்குஞ்சைப் பிறந்த அன்றே கொல்வதற்கு. முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் ஆண் முட்டையிடாது. இறைச்சிக்கும் இலாபமாக வளராது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 கோடி குஞ்சுகள் இப்படி முடிகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. நம் நாட்டில் இவற்றில் ஒரு பகுதி இன்னொரு வழியாகத் தெருவுக்கு வருகிறது. திருவிழாக்களிலும் சந்தைகளிலும் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் தோய்த்துக் கூடையில் விற்கப்படும் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். முட்டைப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் கழித்துவிடப்பட்ட ஆண்குஞ்சுகளே அவற்றில் பெரும்பாலானவை. குழந்தை கேட்கிறது என்று வாங்கிக் கொடுத்து, மூன்றாம் நாள் அட்டைப்பெட்டியோடு புதைக்கிறோம். தாயின் சூடும் இல்லை, விளக்கின் சூடும் இல்லை, வேறெப்படி முடியும்?

ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து ஆண்குஞ்சுக் கொலையைத் தடைசெய்தது. பிரான்சு அதே ஆண்டு ஆணை பிறப்பித்து, ஆண்டு இறுதிக்குள் முட்டையிலேயே பாலறியும் கருவிகளைப் பொருத்துமாறு பொரிப்பகங்களுக்குக் கெடு விதித்தது. கொலை சில நாள் முன்னுக்குத் தள்ளப்பட்டது, அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கரு வலி உணரும் முன்பே அகற்றுவதில் வேறுபாடு இருக்கிறது என்றே நமக்குப் படுகிறது. எனினும் பத்து கோழி வளர்ப்பவருக்கு அந்த இயந்திரமும் வேண்டாம், அந்தத் தர்க்கமும் வேண்டாம். அவர் செய்ய வேண்டியது காத்திருப்பது.

காத்திருந்தால் குஞ்சு தானே சொல்லும். நாலாவது ஐந்தாவது வாரத்தில் சிலவற்றின் கொண்டை சற்றுப் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும், கால் தடித்திருக்கும், அன்னியர் வந்தால் மற்றவை பதுங்க, இவை கழுத்தை நிமிர்த்தி நிற்கும். ஆனால் இந்த அளவில் முடிவுகட்டுவது அவசரம். பெருவிடையின் இரத்தம் கலந்தவற்றில் கொண்டை பட்டாணிபோல் ஒட்டியே இருப்பதால் அதை நம்பவும் முடியாது. எட்டாவது வாரத்தில், வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான இரண்டாவது தடுப்பூசியின்போது (முதலாவது ஏழாம் நாள் கண்ணில் இடும் சொட்டு), ஒவ்வொன்றையும் எப்படியும் கையில் எடுக்க வேண்டியிருக்கும். அப்போது நிதானமாகப் பார்க்கலாம். கழுத்திலும் வாலுக்கு முன்னால் முதுகிலும் புதிதாக முளைக்கும் இறகு, முனை குறுகிக் கூராகவும் பளபளப்பாகவும் இருந்தால் சேவல். முனை வட்டமாக, மங்கலாக இருந்தால் பெட்டை. பன்னிரண்டாவது வாரத்தில் வாலில் அரிவாள்போல் வளையும் இறகு வந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. முதற்கூவல் அதற்குப் பிறகுதான், உடைந்த குரலில், கேட்பவருக்குச் சிரிப்பு வரும்படி.

அப்போதும் இயற்கை ஒரு விலக்கை வைத்திருக்கிறது. பெட்டைக்கு இடப்பக்கத்துச் சூலகம் மட்டுமே வேலை செய்யும். நோயால் அது கெட்டால், வலப்பக்கத்தில் உறங்கிக் கிடந்த உறுப்பு ஆண்தன்மையுடன் வளர்ந்து, பெட்டை கொண்டை பெருத்துக் கூவத் தொடங்குவதுண்டு. 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், முட்டையிட்டது என்ற குற்றத்துக்காக ஒரு சேவலை விசாரித்துத் தீயிலிட்டார்கள். அது இப்படி மாறிய பெட்டையாக இருந்திருக்கக்கூடும். பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்ற பழமொழியைப் பெண்களை வாயடைக்கவே நாம் பயன்படுத்திவந்திருக்கிறோம். கோழியைப் பற்றி அதில் உண்மையில்லை. பெண்களைப் பற்றியும் இல்லை.

சரி, சேவல் எதுவென்று தெரிந்துவிட்டது. ஒரு கணக்கு. பத்துக் குஞ்சு பொரித்தால் ஐந்து சேவல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பெட்டைக்கு ஒரு சேவலே மிகுதி. எட்டுப் பத்துக்கு ஒன்று போதும். நாலு சேவல் மிச்சம். ஐந்தாவது மாதத்தில் அவை ஒன்றையொன்று கொத்தும். அடுத்த வீட்டார் அதற்கு முன்பே கதவைத் தட்டியிருப்பார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும் நெருக்கமான தெருக்கள் நம்முடையவை. பட்டினப்பாலையில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழியைக் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டும் செல்வப் பெண்கள் வருகிறார்கள். கோழியால் அண்டை வீட்டுக்கு வரும் தொல்லை அவ்வளவு பழையது. 2019இல் பிரான்சின் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் விடியலில் கூவுகிறது என்று அயலார் வழக்குத் தொடர்ந்தார்கள். நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 சனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் பொது மரபாக ஏற்கும் சட்டமே பிரான்சில் நிறைவேறியது. 1954இல் கொடி இறக்கிச் சென்றவர்களின் சட்டம் இங்கே செல்லாது. சென்றாலும் அது கிராமத்துக்கானது. மிஷன் வீதியில் அதைச் சொல்லி ஒருவரைத் தூங்கவைக்க முடியாது. சேவலை இருட்டில் அடைத்தால் கூவாது என்பதும் முழு உண்மையன்று. நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டியபடி, விடியலை அது வெளிச்சத்தால் அறிவதில்லை. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தால் அறிகிறது. பஞ்சாரத்தைச் சாக்கால் மூடிவைப்பது ஒலியைச் சற்று மட்டுப்படுத்தும், அவ்வளவே.

ஆகவே நம் நிலைப்பாடு இது. முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே வேண்டாம். பெட்டை சேவலில்லாமலும் முட்டையிடும். அப்படியானால் வளர்ந்த பெட்டையாகப் பார்த்து, நாலு மாதம் தீனி போட்டவருக்கு அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். அவர் தன் சேவல்களை என்ன செய்தார் என்றும் கேளுங்கள். குஞ்சு வேண்டுமென்றால் சிறுவிடைப் பெட்டையை அடை வையுங்கள், வருவது வரட்டும். ஒரு சேவல் முற்றத்தில் நிற்கலாம். மற்றவற்றைப் பாகூர்ப் பக்கமோ வில்லியனூர்ப் பக்கமோ தோட்டமுள்ள உறவினரிடம் கொடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால் ஆறாவது மாதத்தில் சமைத்து உண்ணலாம். கையில் குருணை தின்றதை உண்பதா என்று முகம் சுளிப்பவர்கள், முகம் தெரியாத கோழியின் முட்டையை அன்றாடம் உடைத்து ஊற்றுகிறவர்களே. புலால் உண்ணாதவர் அந்த ஐந்து சேவலையும் சாகும்வரை வைத்துக் காப்பாற்றத் தம்மால் முடியுமா என்று முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். முடியாதென்றால் அடை வைக்கக் கூடாது.

நோய், தடுப்பூசி பற்றிய ஐயங்களுக்குக் குரும்பாபேட்டில் அரசின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருமுனை யோசனைகளை அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையில் அடை வைக்க வேண்டாம். ஈரத்தில் குஞ்சு நிற்காது. தை பிறந்ததும் வைத்தால் இருபத்தோரு நாளில் பொரிக்கும். சித்திரை பிறக்கும் நேரம், பிள்ளைகள் விடுமுறையில் வீட்டிலிருக்கும்போது, கழுத்து இறகைப் பிரித்துப் பார்க்கும் பருவம் வந்திருக்கும்.