இரண்டு சீட்டு, ஓர் உடல்

விடியற்காலை ஐந்து மணி. கழிவறைக்குப் போகக் கட்டிலை விட்டு எழுகிறார் பெரியவர். நான்கு அடி வைப்பதற்குள் கண் இருட்டுகிறது. சுவரைப் பிடிக்கக் கை நீளும் முன்பே விழுந்துவிடுகிறார். அவருக்குப் பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம். இதயமும் பலவீனம். "வயசாயிடுச்சு, தலைசுத்தல்தான்" என்கிறார்கள் வீட்டில். ஆபத்து அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது.

நடுக்குவாதத்துக்கு நரம்பியல் மருத்துவர் தரும் லெவோடோபா ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. இதயச் செயலிழப்புக்கு இதய மருத்துவர் தரும் நீர் மாத்திரை, பீட்டா பிளாக்கர், ராமிப்ரில் ஆகியவையும் அப்படியே. எழும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காக்கும் நரம்புகளை நடுக்குவாதமே பழுதாக்கியிருக்கும். எழுந்த 3 நிமிடத்துக்குள் அழுத்தத்தின் மேல் அளவு 20 குறைந்தாலோ, கீழ் அளவு 10 குறைந்தாலோ அது கவனிக்க வேண்டிய சரிவு. உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமை. தலைசுற்றலுக்கென்று சின்னரிசினோ புரோகுளோர்பெரசினோ வாங்கித் தருகிறோம். நடுக்குவாதத்தில் ஏற்கெனவே குறைந்துபோன டோபமின் எனும் வேதிப்பொருளை மூளையில் தடுக்கும் மருந்துகள் இவை. நடுக்கமும் விறைப்பும் கூடுகின்றன. நோய் முற்றிவிட்டதென்று எண்ணி லெவோடோபாவின் அளவு உயர்கிறது. அழுத்தம் மேலும் இறங்குகிறது. குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும் இதே வகைதான். டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாதென்று ஐரோப்பா 2014இல் கட்டுப்பாடு விதித்தது.

கால் வீக்கத்திலும் இதே குழப்பம். நடுக்குவாதத்துக்குத் தரும் அமன்டடினும் பிரமிபெக்சோலும் கணுக்காலை வீங்க வைக்கலாம். அதை இதயக் கோளாறு என்று நினைத்து நீர் மாத்திரையைக் கூட்டினால், மறுபடி மயக்கம். அழுத்தம் ஏற உப்பைக் கூட்டச் சொல்கிறார் ஒருவர். நீர் கோக்காமலிருக்க உப்பைக் குறைக்கச் சொல்கிறார் இன்னொருவர். இடையில் யாரோ சொன்னார்களென்று பூனைக்காலி விதைப்பொடியும் வீட்டுக்கு வருகிறது. அதில் இயற்கையாகவே லெவோடோபா இருப்பதால், மருத்துவருக்குத் தெரியாமலே அளவு கூடிவிடுகிறது.

இரண்டு மருத்துவர்களும் அவரவர் நோய்க்குச் சரியாகவே எழுதியிருக்கலாம். இரண்டு சீட்டையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆள் இல்லை. இந்தப் பொறுப்பை ஒருவர் ஏற்றே ஆக வேண்டும். இரு நோயும் உள்ளவரைப் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் அளக்க வேண்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். முதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை அளக்க அவர்களைப் பழக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பயந்துபோய் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரை, சூரணம், கடையில் கேட்டு வாங்கியது என எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். பெரியவர் அடுத்த முறை விழும்வரை காத்திருக்க வேண்டாம்.