வாவிக்கரையில் ஒரு வகுப்பு

சென்ற ஞாயிறு இப்பகுதியிற் பிள்ளைகளின் புத்தகச் சுமையைப் பற்றி எழுதியிருந்தோம். அதனை வாசித்த அன்பர் ஒருவர் சந்தையில் எம்மைக் கண்டதும், கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வழிமறித்தார். "மாஸ்டர், புத்தகத்தைக் குறைத்துப் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிச் செல்லுங்கள் என்று எழுதுகிறீர்கள். பூங்காவில் ஐஸ்கிறீம் விற்பார்கள். பாடமும் விற்பார்களோ?" என்றார். நல்ல கேள்விதான். சந்தை இரைச்சலில் அதற்கு விடை கூற இயலவில்லை. ஆகவே இன்று கூற முற்படுகின்றோம்.

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுவது நன்று. நாம் நடத்திய முதலாவது பூங்கா வகுப்பு படுதோல்வியாக முடிந்தது.

மாசி மாதத்துக் காலைப்பொழுது. எட்டாந்தர மாணாக்கர் முப்பத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு எமது நகரின் காந்தி பூங்காவுக்குச் சென்றோம். மட்டக்களப்பு வாவியின் கரையிலே அமைந்த பூங்கா அது. அருகிலுள்ள பழைய இறங்குதுறையைப் பார்த்தவாறு பிள்ளைகளை நிழலில் அமர்த்தி, முதல் நாள் இரவு விழித்திருந்து எழுதிய குறிப்பை எடுத்து வாசிக்கத் தொடங்கினோம். வாவி என்றால் என்ன, கழிமுகம் என்றால் என்ன, உவர்நீர்த் தாவரங்கள் எவை என்றெல்லாம் வரைவிலக்கணங்கள். பத்து நிமிடம் சென்றிராது. ஒரு பிள்ளையின் கண்ணும் எம்மேல் இல்லை. எல்லாக் கண்களும் கரையோரம் இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலையைத் தோளிலிட்டுக் காத்திருந்த ஒரு மனிதர்மீது இருந்தன. வகுப்பறையின் நான்கு சுவர்களையும் பெயர்த்தெடுத்துச் சுமந்துவந்து மரத்தடியில் நட்டிருந்தோம் என்பது அப்போது எமக்கு விளங்கவில்லை. போதாக்குறைக்குக் குறிப்புத் தாளையும் காற்று வாவிக்குக் கொண்டுபோயிற்று. இப்போது நினைத்தால் அந்தக் காற்றுக்கு நன்றி கூறத் தோன்றுகிறது.

தாள் போனபின் செய்வதற்கு ஒன்றுமில்லாமையால், "அவர் ஏன் வலையை வீசாமல் நிற்கிறார்?" என்று பொதுவாகக் கேட்டு வைத்தோம். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன் எழுந்தான். வகுப்பில் வாய் திறவாதவன். சென்ற தவணையில் விஞ்ஞான பாடத்துக்கு 22 புள்ளிகள் பெற்றவன்.

"நீரோட்டம் திரும்புறதப் பாத்துக்கொண்டு நிற்கிறார், சேர்" என்றான். பிறகு தானாகவே தொடர்ந்தான். "மாரியில வெள்ளம் வந்தா முகத்துவாரத்த வெட்டி விடுவாங்க. வெள்ளம் கடலுக்குப் போயிரும். மறுகா கடல் தண்ணி உள்ளுக்கு ஏறும். தண்ணி உவர்த்தா மீனும் மாறும், சேர்."

அடுத்த அரை மணி நேரம் அவனே ஆசிரியன். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும், முகத்துவாரம் மணல் மூடினால் வாவி என்னவாகும், அத்தாங்கை எப்படிப் பிடித்தால் இறால் தப்பாது என்பவற்றையெல்லாம் மண்ணிற் குச்சியாற் கோடு கீறிக் காட்டினான். சக மாணாக்கர் கேள்விமேற் கேள்வி கேட்டனர். நாம் ஒரு மூலையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பழைய விடைத்தாட் கட்டை அவிழ்த்து அவனுடைய தாளைத் தேடினோம். "கழிமுகம் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. எந்தக் கழிமுகத்தில் அவன் பிறந்து வளர்ந்தானோ, அதன் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அதற்காக நாம் இரண்டு புள்ளிகளைக் கழித்திருந்தோம். அதே வினாவுக்கு வகுப்பின் முதல் மாணவி பிழையின்றி விடை எழுதியிருந்தாள். அவளுடைய வீடு வாவியிலிருந்து கூப்பிடு தூரம். ஆயினும் வாவி நீரில் ஒருநாளேனும் அவள் கால் நனைத்ததில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். அவளைப் பற்றிப் பிறகு சொல்லுவோம்.

பிள்ளைகளிற் குறை காண்பதற்கு முன் ஆசிரியராகிய எம்மிலும் சிறிது காணவேண்டும். இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்ட மட்டக்களப்பு ஆசிரியர்களின் பிள்ளைப் பருவம் யுத்த காலத்திற் கழிந்தது. காவலரண்களும் சோதனைச் சாவடிகளும் இருந்த நாளில் வாவிக்கரை உலாவும் இடமாக இருக்கவில்லை. பொழுது சாயுமுன் வீட்டுக்குள் அடங்குவதே பெற்றோர் கற்பித்த முதற்பாடம். அந்நிலை மாறுமுன்னரே 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தது. கல்லடியிலும் நாவலடியிலும் அது கொண்டுபோன உயிர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்கும். நீரைக் கண்டு அஞ்சுகின்ற ஒரு தலைமுறை, நீரின் பெயர்களையும் மறந்துவிட்ட தலைமுறையாகவும் ஆகிவிட்டது. கண்டல் மரங்களுக்குள்ளே தில்லை எது என்று கேட்டால் எம்மிற் பலர் விழிப்போம். தில்லைக் கூத்தனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். அப்பெயரைத் தந்த மரம் எமது உவர்க்கரையிலே நிற்பதும், அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதும் தோணிக்காரர் சொல்லித்தான் எமக்குத் தெரியவந்தது.

திறந்தவெளிக் கல்வி என்பது நேற்று முளைத்த நூதனமன்று. ஜெர்மனியிலே பிரெடெரிக் புரோபெல் என்பவர் 1840ஆம் ஆண்டில் தமது பாலர் பள்ளிக்குச் சூட்டிய பெயருக்கே 'குழந்தைத் தோட்டம்' என்றுதான் பொருள். கிண்டர்கார்டன் என்று இன்று நாம் வழங்கும் சொல் அதுவே. தோட்டம் போய்ச் சொல் மட்டும் மிஞ்சியிருப்பது வேறு கதை. கவி தாகூர் 1901ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்திற் பள்ளி தொடங்கி மரத்தடியிலே வகுப்பு நடத்தினார். அவரே 1934ஆம் ஆண்டில் எமது நாட்டுக்கு வந்து, ஹொரணையிலே ஸ்ரீபாலி கல்விக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, 'சுற்றாடல்சார் செயற்பாடுகள்' ஒரு பாடமாகவே வைக்கப்பட்டது. ஆகவே சட்டம் தடுக்கவில்லை, பாடத்திட்டமும் தடுக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் அச்செயற்பாடுகள் பயிற்சிக் கொப்பியினுள் அடைபட்டுப்போவதைத்தான் காண்கின்றோம். மரத்தின் படத்துக்கு வர்ணம் தீட்டும் பிள்ளைக்கு யன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தின் பெயர் தெரிவதில்லை.

இரண்டாம் முறை பூங்காவுக்குச் சென்றபோது குறிப்புத் தாள் கொண்டு செல்லவில்லை. நான்கு முழ நூலும், அளவுகோலும், வெறும் போத்தல்களும் கொண்டு சென்றோம். ஒவ்வொரு பிள்ளையும் நூலால் ஒரு சிறு சதுரத்தைத் தரையில் அடைத்து, இருபது நிமிடம் பேசாமலிருந்து அதனுள் நடப்பதை எழுதவேண்டும். பேசாதிருத்தல் எமக்கும் விதி. அதுவே எமக்கு மிகவும் கடினமாயிருந்தது. பெருமரத்தின் நிழலையும், நட்டுவைத்த கோலின் நிழலையும் அளந்து மரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். வடிவொத்த முக்கோணம் எதற்குப் பயன்படும் என்று அதற்குப் பிறகு எவரும் கேட்கவில்லை. பழைய இறங்குதுறை வாயிலைக் காட்டி, மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814ஆம் ஆண்டிலே இந்நகருக்கு வந்து பள்ளி தொடங்கி, மறு ஆண்டே இங்கு உயிர் நீத்தார் என்ற செய்தியைக் கூறினோம். "அவ்வளவு குறுகிய காலத்திலா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்த வியப்பு வரலாற்றுப் புத்தகத்தில் எமக்கு ஒருநாளும் கிட்டாதது.

போத்தல்களின் கதை இன்னும் சுவையானது. கல்லடிப் பக்கத்துப் பிள்ளையொருத்தி ஒரு போத்தலிலும், வலையிறவுப் பாலத்தைக் கடந்து வரும் பிள்ளையொருவன் மற்றொன்றிலும் வாவி நீர் கொண்டுவந்தனர். ஒரே அளவு நீரை இரண்டு தட்டுகளில் ஊற்றிப் பாடசாலைக் கூரையில் வெயிலில் வைத்தோம். நீர் வற்றியபின் கல்லடித் தட்டிலே உப்பு கூடுதலாகப் படிந்திருந்தது. 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இவ்வாவி முழுவதும் ஒரே நீரன்று, கடல்வாயை அண்ட அண்ட உவர் ஏறும் என்பதைக் கண்ணாற் கண்டார்கள். கடைசி வாங்கு மாணவன் தட்டுகளைப் பார்த்துவிட்டு, இது முன்னமே தெரிந்த செய்திதானே என்பதுபோற் சிரித்தான். ஆனால் அன்று கரும்பலகையில் 'கழிமுகம்' என்ற சொல்லைத் தன் கையால் எழுதியவன் அவனே.

அவன்தான் மற்றொரு யோசனையையும் கூறினான். "நிலவு காலத்தில துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டுக் காதில வைச்சா மீன் பாடுறது கேக்கும், சேர்."

பாடும்மீனைப் பற்றி அறியாத மட்டக்களப்பாரில்லை. கேட்டவரோ மிகச் சிலர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டில் இவ்வாவியிலே அவ்வொலியைத் தோணியிலிருந்து கேட்டுத் தமது நூலிற் பதிந்தார். அது ஊரியின் ஒலி என்று எமது மீனவர் அவருக்குக் கூறினர். மீனா, ஊரியா, வேறோர் உயிரா என்ற வழக்கு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளும் இவ்வொலியிலே ஈடுபட்டு, நீரரமகளிர் இசையாக அதனைக் கவிதையிற் கண்டார். அவர் கவிஞர் மட்டுமல்லர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்நூலிலே இசையைக் கணிதத்தால் அளந்தவர். கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தின் வளவிலே அவருடைய சமாதி இருக்கின்றது. அங்கிருந்து வாவிக்கு நெடுந்தூரமில்லை.

பூரணை தினம் எமது நாட்டில் விடுமுறையாதலால், ஆனிப் பூரணையன்று மாலை கல்லடிப் பாலத்தருகே கூடுவதென முடிவாயிற்று. தோணியேற்றம் இல்லை; கரையிலிருந்தே துடுப்பை நீரில் ஊன்றுவது; ஒவ்வொரு பிள்ளையுடனும் பெற்றோரில் ஒருவர் வரவேண்டும். சம்மதப் படிவங்கள் பல திரும்பி வந்தன. முதல் மாணவியினது மட்டும் வரவில்லை.

அவளுடைய தாயாரைச் சென்று கண்டோம். "சேர், என்ர அக்காட ரெண்டு பிள்ளைகளையும் நாவலடியிலதான் குடுத்தம்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. அத்துயரத்துக்கு முன் எமது பாடத்திட்டம் எம்மாத்திரம்? "கையொப்பம் வேண்டாம், அம்மா. நீங்களும் மகளும் வந்து பாதை ஓரத்தில் இருந்து பாருங்கள். நீரருகே வரவேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லித் திரும்பினோம்.

அன்றிரவு பதினொரு பிள்ளைகள் வந்தனர். தாயும் மகளும் தூரத்தே நின்றனர். துடுப்பு கைமாறிக் கைமாறிச் சென்றது. பாலத்தின்மேல் வாகனங்கள் ஓடும் ஒலி முதலிற் கேட்டது. அது நின்ற இடைவெளியிலே ஏதோ நுண்ணியதாகக் கேட்டது என்றார் சிலர், இல்லை என்றார் சிலர். எமக்குச் சடசடவென்ற ஓர் ஒலி கேட்டது. அது மீனா, இறாலா என்று கேட்டபோது, "தெரியாது" என்றோம். ஆசிரியர் வாயிலிருந்து அச்சொல் வந்ததும் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ ஓர் உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கொரு கருத்தைச் சொல்லத் தொடங்கினர். துடுப்பில் ஏன் கேட்கிறது, வெறுங்காதுக்கு ஏன் கேட்பதில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. வளியில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர். மரத்தில் அதனினும் விரைவு. நீருக்குள் எழும் ஒலியிலே ஆயிரத்தில் ஒரு பங்குதான் வளிக்குத் தப்பி வரும். எஞ்சியது நீர்மட்டத்திற் பட்டுத் திரும்பிவிடும். துடுப்பு அதற்கு ஒரு பாலம். கல்லடிப் பாலத்தடியில் நின்று இதைச் சொல்லும்போது வேறு உவமை தேடவேண்டியிருக்கவில்லை.

அந்நேரம் பார்த்துக் கடைசி வாங்கு மாணவன் துடுப்பைத் தூக்கிக்கொண்டு பாதையோரம் சென்றான். "நீங்க தண்ணிக்குக் கிட்ட வரத்தேவல்ல, மாமி. நுனியப் பிடிச்சாப் போதும்" என்று அந்தத் தாயாரிடம் கூறினான். துடுப்பு அத்தனை நீளமில்லை என்பது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சற்று நின்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக இறங்கி வந்தார்.

என்ன கேட்டதென்று நாம் வினவவில்லை. கலைந்து செல்லும் வேளையில் அவரே எம்மிடம் வந்து, "அடுத்த பூரணைக்கும் வருவீங்களா, சேர்?" என்றார். வருவோம் என்றோம். மடித்து வைத்திருந்த படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, மகளின் முதுகைப் பலகையாக்கி, நிலவு வெளிச்சத்திலே கையொப்பமிட்டுத் தந்தார்.