பொத்தான் முதலில் யாரை அழைக்க வேண்டும்?

வெளிநாட்டில் பொருளீட்டும் பிள்ளைகள் ஊரிலுள்ள பெற்றோருக்கு வாங்கித் தரும் பொருள்களில் ப்ளூடூத் பொத்தானும் இப்போது இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் சிறு வட்டு. உள்ளே நாணய வடிவ பேட்டரி. அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நாமே அதில் அமைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் நாட்டின் ஃப்ளிக், பிரிட்டனில் உருவான பக்.ஜேஎஸ் ஆகியவை இவ்வகையில் அறியப்பட்டவை. ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரியும். இருமுறை அழுத்தினால் மின்விசிறி நிற்கும். அழுத்திப் பிடித்தால் துபாயிலுள்ள மகனின் கைபேசிக்கு அபாயச் செய்தி செல்லும்.

இதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஃபஜ்ருக்கு முன் இருட்டில் எழுந்து உளூச் செய்யச் செல்லும் முதியவருக்கு, படுக்கையிலிருந்தபடியே நடைவழி விளக்கைப் போட முடிவது ஆடம்பரமன்று. குளியலறையில் வழுக்கி விழுபவரின் கையில் கைபேசி இருப்பதுமில்லை. ஆகவே அங்கே, தரையில் கிடப்பவருக்கும் எட்டும் உயரத்தில் ஒரு பொத்தான் இருப்பது நல்லது. நடுங்கும் விரல்களுக்கு ஒருமுறை, இருமுறை என்ற கணக்கெல்லாம் உதவாது. ஆபத்துக்கென்று வைக்கும் பொத்தானுக்கு அந்த ஒரு வேலை மட்டுமே இருக்கட்டும்.

நம் கவலை வேறு. அந்தப் பொத்தான் தானாக எவரையும் அழைப்பதில்லை. சில மீட்டர் தூரத்துக்குள் ஒரு சிறு சமிக்ஞையை வீசுகிறது, அவ்வளவே. அதைக் கேட்டு வெளியுலகுக்குச் சொல்ல வீட்டினுள் ஒரு கைபேசியோ இணைப்புப் பெட்டியோ விழித்திருக்க வேண்டும். பேட்டரியைச் சேமிப்பதாக எண்ணிக் கைபேசி அந்தச் செயலியை உறங்க வைத்துவிட்டால் செய்தி போகாது. மின்சாரம் நின்று வைஃபை அணைந்தாலும் அதே கதைதான். பொத்தானோ வழக்கம்போல் அழுந்தும். அழுத்தியவர் உதவி வருமென்று காத்துக் கிடப்பார்.

திருவண்ணாமலையில் இது வெறும் கற்பனை அச்சமன்று. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். அத்தகைய இரவில் மின்சாரத்தையும் கைபேசிக் கோபுரத்தையும் நம்பியிருக்க இயலுமா? மழை வேண்டாம், பௌர்ணமியே போதும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமாய் நடக்க, பேருந்துகள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். செய்தி வேலூரிலுள்ள மகளுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேர எத்தனை மணி நேரமாகும்? 108-க்கே வழிவிட்டாக வேண்டிய நெரிசல் அது.

துபாய் மகன் செய்யக்கூடியது என்ன? பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார். அப்படியானால் அந்தப் பக்கத்து வீட்டையே பொத்தான் முதலில் அழைக்கட்டுமே! அண்டை வீட்டாருக்கும் சொத்தில் பங்கு வந்துவிடுமோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டையாரைப் பற்றி வலியுறுத்தியதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவர் என்ற கேள்வி அங்கே எழவில்லை. நம் ஊர்த் தெருக்களில் அவர் பெரும்பாலும் இந்துச் சகோதரராகவே இருப்பார். விழுந்தவரைத் தூக்கப் போவதும் அவர்தான்.

இதற்கு விலையுயர்ந்த கருவியே தேவையில்லை என்பது நம் கருத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயரில்லாத அழைப்பு மணியில், பொத்தானை அத்தாவின் கட்டிலருகிலும், பேட்டரியில் இயங்கும் மணியை அண்டை வீட்டிலும் வைத்தால் போதும். அதற்கு இணையமும் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். ப்ளூடூத் பொத்தான் அதற்குத் துணையாக இருந்து பிள்ளைகளுக்கும் சொல்லட்டும். (பேரப்பிள்ளைகள் அந்தச் சிறு பேட்டரியை விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்; அது உயிருக்கே ஆபத்து.) வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து வந்ததும் ஒருமுறை அழுத்தி, அடுத்த வீட்டில் மணி ஒலிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சாக்கில் நலம் விசாரிப்பும் நடந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மணி கேட்டு அண்டை வீட்டார் ஓடிவரும்போது, கதவு உள்தாழ்ப்பாள் போட்டுக் கிடந்தால் என்ன செய்வார்? வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டை முதலில் பொருத்துங்கள். அதன் ஒரு சாவி அடுத்த வீட்டில் இருக்கட்டும்.