பலகையில் இல்லாத கணக்கு

சில வருடங்களுக்கு முன் ஏலப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நல்ல மழை. டீக்கடை வாசலில் ஒதுங்கினேன். குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் பாதையை மலையோர நெடுஞ்சாலையாக அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம் அது. கடைக்கு எதிரே ஒரு அறிவிப்புப் பலகை. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். "அதுல என்ன சார் எழுதியிருக்கு? மலையாளம் பேச வரும், படிக்க வராது" என்றார்.

வாசித்துச் சொன்னேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி, யார் ஒப்பந்தக்காரர். "எத்தனை மரம் போகும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை.

பணக் கணக்காவது இருந்ததே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்த நெடுஞ்சாலைக்கு நிதி தருவது கேரள அரசின் 'கிஃப்பி' என்ற உள்கட்டமைப்பு நிதி அமைப்பு. மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும், பெட்ரோல், டீசல் லிட்டருக்கு ஒரு ரூபாய் வரியும் அதற்கு வருமானம். 2019இல் லண்டனில் 'மசாலா பத்திரம்' வெளியிட்டு 9.723 சதவீத வட்டிக்கு 2,150 கோடி ரூபாய் கடனும் வாங்கியது. அந்த அம்மாள் ஏறிப்போகும் ஜீப்பின் டீசலிலும் இந்த ஒரு ரூபாய் இருக்கிறது. பணம் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். கணக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு.

அவருடைய மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறாராம். அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்ததும் எனக்கு வேறொரு மரக்கணக்கு நினைவுக்கு வந்தது.

தும்கூர் சாலையையும் ஓசூர் சாலையையும் இணைத்து நகரைச் சுற்றி 65 கிலோமீட்டருக்குப் புறவட்டச் சாலை போட பெங்களூர் வளர்ச்சி ஆணையம் திட்டமிட்டது. நிலம் எடுப்பதற்கான இறுதி அறிவிப்பு வந்தது 2007இல். ஜப்பானின் ஜைக்கா கடன் தரும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு கட்டத்தில் இருந்தது. 2014 நவம்பரில் சூழல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்கு ஆதாரமான ஆய்வின் தகவல்கள் 2009-10இல் திரட்டியவை. வெட்டப்படும் மரங்கள் 200 முதல் 500 வரை என்று முதலில் சொன்னார்கள். பிறகு வெளிவந்த எண்ணிக்கை 16,685. வனநிலம் எதுவும் இல்லை என்றார்கள். இருந்தது.

அந்த அனுமதியின் பேரில் திட்டத்தைத் தொடரக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2020 மார்ச்சில் சொன்ன தீர்ப்பின் சாரம்: புதிதாக விரைவு ஆய்வு செய்து வாருங்கள்.

தாமதத்துக்கு இந்த வழக்கு மட்டுமே காரணமல்ல. நிலத்துக்கான இழப்பீட்டுத் தகராறு அதைவிடப் பெரியது. விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் விவசாயிகள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். பிறகு திட்டத்தின் பெயர் மாறியது. செலவு 27,000 கோடி ரூபாய் என்றானது. ஹட்கோ கடன், மாநில அரசின் உத்தரவாதம். உத்தரவாதம் என்றால், கடைசியில் வரி கட்டுபவர் தலையில்தான்.

ஆய்வு என்பது கடனுக்கும் அனுமதிக்கும் வாங்கிக்கொள்ளும் ரசீது என்று நினைப்பதால் வரும் வினை இது. மரத்தை எண்ணுவதற்கு நிபுணர் வேண்டியதில்லை. அந்த வழியாகத் தினமும் நடப்பவரைக் கேட்டால் போதும்.

ஆனால் எந்த மொழியில் கேட்பது? பொது விசாரணைக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது 2006 அறிவிக்கையின் விதி. அந்த விதிகளையே மாற்ற 2020இல் வந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானது. 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30ஆம் தேதி உத்தரவிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு அது இன்றும் விளங்கவில்லை. ஒரு வரைவை மொழிபெயர்க்க ஆகும் செலவு, ஒரு கிலோமீட்டர் சாலையின் செலவில் எத்தனை சதவீதம்?

ஏலப்பாறையில் 'உள்ளூர் மொழி' என்றால் மலையாளம். தோட்டத்து லயங்களில் அது தமிழும்தான். கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம் என்று 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. சாலையோரப் பலகைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை?

மழை விட்டதும் அந்த அம்மாள் கிளம்பினார். போகும்போது மேட்டைக் காட்டிச் சொன்னார்: "ஆனி மாசம் அந்த இடத்துல ஊத்து வரும் சார். மண்ணு நிக்காது. எங்கிட்ட யாரும் கேக்கல."