மாலைக்குப் போகும் பணம்

1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றல், கோரிமேட்டு ஜிப்மர். லாரி மோதி விழுந்தவரையும், சாரம் சரிந்து விழுந்த கொத்தனாரையும் புதுவையிலிருந்து மட்டுமல்ல, கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

"அரசு மருத்துவமனைக்கு நாம் ஏன் கொடை தர வேண்டும்? வரி கட்டவில்லையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! ஸ்கேன் இயந்திரமும் அறுவை அரங்கும் அரசு தரவேண்டியவை. கொடையாளியைக் காட்டி அரசு கைகழுவிக்கொள்ள நாம் விடப்போவதில்லை.

ஆனால், குருதி? அடிபட்டவரில் காப்பாற்றியிருக்கக் கூடியவர்கள் சாவதற்கு முதற்காரணம் குருதி வடிந்துபோவதே. அதை எந்த ஆலையில் நெய்வது? எந்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவது? காசுக்குக் குருதி விற்பதும், உச்சநீதிமன்றத் தீர்ப்பின் விளைவாக, 1998 சனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. மனிதன் மனிதனுக்குக் கொடுத்தால்தான் உண்டு. 'தானம்' என்கிறார்கள், நாம் கொடை என்போம். சாதி கேட்டுக் கொடுக்க முடியாத, சாதி பார்த்து வாங்க முடியாத கொடை!

கருவி வாங்கித் தரும் செல்வர்களும் உண்டு, வாழ்க அவர்கள்! ஆனால், வெளிச்சமே வராத அளவுக்குக் குழல்விளக்கின்மேல் 'உபயம்' எழுதிய கோயில் பக்தரின் வழியில் அவர்கள் போகவேண்டாம். எது தேவையென்று மருத்துவரைக் கேட்டு, பழுதுபார்க்கும் செலவையும் சேர்த்துத் தரட்டும். நம் தோழர்கள் மட்டும் என்ன? ஆளுயர மாலை, பொன்னாடை, தெருவை மறைக்கும் பதாகை! மறுநாள் குப்பைக்குப் போகும் அந்தப் பணம், நின்றுபோன ஒரு சுவாசக் கருவியை மீண்டும் ஓடச் செய்யாதா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தலைவர் பிறந்தநாளன்று முகாம், நீண்ட வரிசை, ஒளிப்படம். அப்புறம்? அடுத்த பிறந்தநாள்தான்! எடுத்த குருதியில் சிவப்பணுக்கள் 42 நாளுக்குமேல் தாங்கா. தட்டணுக்களுக்கோ 5 நாள்தான் ஆயுள். விபத்து என்ன, பிறந்தநாள் பார்த்தா வருகிறது?

1936 சூலை 30-இல் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு அரசின் குண்டுகள் சாய்த்த மண் இது. குருதி கொடுப்பது நமக்குப் புதிதா? இப்போது கேட்பது 350 மில்லிதான். 18 வயது நிரம்பி 45 கிலோவுக்குக் குறையாத எடையும் உடல்நலமும் உள்ளவர், ஆணாயின் மூன்று மாதத்துக்கொருமுறை, பெண்ணாயின் நான்கு மாதத்துக்கொருமுறை தரலாம். கிளைதோறும் முறைவைத்து, மாதந்தோறும் அனுப்புங்கள். முதல் பட்டியல் முதலியார்பேட்டையிலிருந்து வரட்டும், அடுத்தது உருளையன்பேட்டை.